கையில் கொடுக்காத உப்பு

அந்த அரங்கத்துக்கு நான் அடுத்தடுத்து இரண்டு நாள் போனேன். முதல் நாள் கச்சேரி கேட்க, மறுநாள் மன்னிப்புக் கேட்க. அதற்கு முன்னால் கச்சேரி என்று எங்கும் போய் உட்கார்ந்தது கிடையாது. எங்கள் ஊர்த் திருவிழாவில் மேடை போட்டுப் பாடுவார்கள். ஓரமாக நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வந்துவிடுவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்பார், பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நாற்பத்தெட்டு வயதாகியும் போகவில்லை.

நான் மரக்காணத்தில் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தை மாதம் தொடங்கினால் மழை வரும்வரை ஒரே வேலைதான். விடியும் முன்னே பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கி, தண்ணீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பிலிருந்து அடிக்கிற வெளிச்சம் கண்ணைக் குத்தும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்குக் கை போவதே பாரமாக இருக்கும். சித்திரை மாதத்தில் யாராவது என்னிடம் வந்து எங்கேயாவது கூப்பிட்டால் எனக்கு அழுகை வரும் போலிருக்கும். அப்படி ஒரு சித்திரையில்தான் என் மச்சான் போன் செய்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவனும் எங்களோடு ஆறு வருஷம் பாத்தியில் இறங்கினவன்தான். அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலில் ஒரு புண் வந்து உப்புத் தண்ணீரில் ஆறவே இல்லை. இனிமேல் உப்பில் காலை வைத்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் சென்னைக்குப் போய் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தான். அவர்கள் அவனை ஒரு பழைய அரங்கத்தில் காவலுக்குப் போட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். மேலே கச்சேரி நடக்கும், கீழே ஒரு நீளமான அறையில் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிப் படங்கள் மாட்டியிருப்பார்கள். ஏழு வருஷமாக அந்த வாசலில் நிற்கிறான்.

"மாமா, ரெண்டு மூட்டை உப்பு எடுத்துக்கினு மெட்ராஸ் வர்றியா?" என்றான்.

"ஏம்பா, மெட்ராஸ்ல உப்புக்குப் பஞ்சமா?"

"பாக்கெட் உப்பு வேணாமாம் மாமா. உப்பு சத்தியாகிரகத்தப் பத்தி இங்க ஒரு கச்சேரி வக்கிறாங்க. நடுவுல கதை சொல்லிக்கினே பாடுவாங்களாம். மேடையில நெஜமான உப்பு கொட்டணும்னு அந்தப் பாட்டுக்காரம்மா அலையறாங்க. எங்க மாமா மரக்காணத்துல உப்பளத்துலதான் இருக்காருன்னு நான் சொல்லிட்டேன்."

"பஸ்ல ஏத்தி உட்டுடறேன். நீ எறக்கிக்கோ."

"அதான் முடியாது. உன்னையும் மேடையில ஏத்தணும்னு சொல்றாங்க."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தபோது அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். குரல் மாறியிருந்தது.

"இந்த மாசத்தோட எங்க ஏஜென்சி கான்ட்ராக்ட் முடியுது மாமா. புதுசா வேற ஆளு வர்றான். இங்க நாலு பேரு நிக்கிறோம். ரெண்டு பேரத்தான் வச்சிப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. யார வக்கிறதுன்னு இங்க இருக்கிற செக்ரட்டரிதான் சொல்வாராம். அவரு கச்சேரிக்கு வர்றாரு. உப்பு கொண்டாந்தவரு வாட்ச்மேனோட மாமான்னு அவருக்குத் தெரிஞ்சா எனக்கு ஒரு பேரு இருக்கும்ல? நீ ஒண்ணும் பேச வேணாம் மாமா. சும்மா நில்லு, போதும்."

அவன் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். வேலை போனால் அவன் ஊருக்குத்தான் வர வேண்டும். ஊருக்கு வந்தால் உப்பைத் தவிர வேறு வேலை எங்களுக்குத் தெரியாது. என் மனைவி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என் நல்ல சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரிக்குக் கொடுக்கப் போனாள். போகும்போது, "வாயத் தொறக்காம இருக்கறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே. அதையே அங்கயும் போய் பண்ணிட்டு வாங்க. எந்தம்பி பேரு கெடாம இருந்தா போதும்" என்றாள்.

முதலாளி, போன மாதம் வாரி உலர்ந்திருந்த உப்பில் இரண்டு சிறு மூட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கும் விடியற்காலை பாத்தியில் இறங்கி, பாதி வேலையில் கரையேறிக் குளித்துவிட்டு, மூட்டைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நின்றேன். இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவதில் கண்டக்டர் இறங்கி வந்து மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

"உப்புங்க."

"ஒழுவுமா?"

"காஞ்ச உப்புங்க. ஒழுவாது."

"எங்க எடுத்துனு போற?"

"கச்சேரிக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டிரைவரண்ணே, உப்பு பாட்டு பாடப் போவுதாம். கொஞ்சம் ஓரங்கட்டு, டிக்கில ஏத்திக்கலாம்" என்று கத்தினார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். திருவான்மியூர் வரும் வரைக்கும் தூங்கவில்லை. மேடையில் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மச்சான் ஒரு ஆட்டோவோடு வந்து காத்திருந்தான். அரங்கத்து வாசலில் இறங்கியதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"போட்டுக்கினு வா மாமா. கோயிலா இது?" என்றான்.

உள்ளே போனதும் அவன் ஆள் மாறிவிட்டான். அது அவன் கட்டிய கட்டடம் போலக் கையை நீட்டி நீட்டிக் காட்டினான். வளைவு வளைவாக ஜன்னல்கள், கண்ணுக்கெட்டாத உயரத்தில் கூரை, மூன்று பக்கமும் மாடம் போல மேல் வரிசை நாற்காலிகள். "இங்க பெரிய பெரிய தலைவருங்க எல்லாம் வந்து பேசிருக்காங்க மாமா. சுதந்திரம் வர்றதுக்கு முன்னாடி இங்க நாடகம் போட்டா வெளிய போலீஸ் நிக்குமாம். பாட்டுல எதனா எதுத்துப் பாடினா புடிச்சிடுவாங்களாம்." மேடைக்கு ஏறியதும் காலால் தட்டிக் காட்டினான். "தேக்கு. ரெண்டு வருஷம் முன்னாடிதான் பழையபடி சரி பண்ணாங்க. இதுமேல தண்ணி பாட்டில கூட வக்க உட மாட்டாங்க."

பாட்டுக்கார அம்மா கண்ணாடி போட்டு, நரைத்த தலையைக் கொண்டை போட்டிருந்தார். நல்ல மனுஷி. என்னை 'ஐயா' என்று கூப்பிட்டார். என் சட்டையைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் விழுந்தது.

"வேலை செய்யும்போது எப்படி இருப்பீங்களோ அப்படியே வருவீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

லுங்கியும் பனியனும் வீட்டில் கொடியில் கிடந்தன. யாரையோ கடைக்கு அனுப்பிப் புதுத் துண்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி என் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். மேடை நடுவில் ஒரு துணி விரித்து அதில் உப்பைக் கொட்டினோம். நான் கையால் ஒதுக்கிக் குவித்தேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள், நான் மேடை ஏறி, குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் என்றார். செயலாளர் அப்போது வந்திருக்கவில்லை. தட்டு கிட்டு ஏதாவது கொண்டுவருவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

சாயங்காலம் கச்சேரி தொடங்கியது. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மச்சான் நாலு அடி தள்ளிக் கதவோரம் விறைப்பாக நின்றான். அவனுக்கு உட்கார அனுமதி இல்லை. நாற்காலி மெத்தென்று இருந்தது. குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கி வந்தது. என் வாழ்நாளில் சித்திரை மாதத்தில் அப்படி ஒரு குளிர்ச்சியில் நான் உட்கார்ந்ததில்லை. அம்மா பாட ஆரம்பித்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். ஒரு தம்பி மத்தளம் வாசித்தான். கதை சொல்கிறவர், உப்புக்கு வரி போட்டதையும், வடக்கே கடற்கரைக்கு நடந்து போனதையும், நம் பக்கம் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததையும் சொன்னார். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று உத்தரவு போட்டார்களாம். ஜனங்கள் மரக்கிளையில் சோற்று மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். அதுவரைக்கும் கேட்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

விடியும் முன்னே இறங்கி உப்பு வாரிவிட்டு வந்த உடம்பு. யார் பாடினாலும் அது கேட்காது. என்ன பாடினார்கள், அந்த ஜனங்கள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்களா, யார் யாரைப் பிடித்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. யாரோ தோளைத் தட்டியபோது முகத்தில் வெளிச்சம் அடித்தது. எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "ஐயா, வாங்க" என்று அம்மா மைக்கில் கூப்பிட்டார். நான் எழுந்தபோது ஒரு கால் மரத்திருந்தது. தலைத்துண்டு அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. அதைச் சரி செய்துகொண்டே படி ஏறினேன்.

குவியலுக்கு அந்தப் பக்கம் செயலாளர் நின்றார். எழுபது வயதிருக்கும். வெள்ளை ஜிப்பா, கறுப்பு ஷூ. நான் குனிந்து ஒரு பிடி உப்பை எடுத்து நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வலது கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

வெறும் கை. தட்டு இல்லை.

எங்கள் பக்கம் உப்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தால் கிண்ணத்தில் போட்டுத் தரையில் வைப்பாள் என் மனைவி, அவள் குனிந்து எடுத்துக்கொள்வாள். உப்பளத்தில் சுற்றிலும் மலை மலையாக உப்பு கிடக்கிறது, அங்கேயும் கஞ்சிக்கு உப்புக் கேட்டால் தூக்குச் சட்டி மூடியில்தான் வைப்போம். ஒருமுறை மூடி இல்லாமல் ஒருவருக்குக் கையிலேயே கொடுத்துவிட்டேன். பத்து நாளில் அவருக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அதற்கு வேறு காரணம் இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற தகராறு. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடி உப்புதான் ஞாபகம் வரும்.

வேறு யார் கையாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். அது என் மச்சான் வேலையை வைத்திருக்கிற கை. அதில் நானே போய்ச் சண்டையை வைப்பதா? தூக்கக் கலக்கத்தில் எனக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. ஓரத்தில் மச்சான் நின்றுகொண்டு, "கையில குடு மாமா, கையில" என்று வாயை அசைப்பது தெரிந்தது. நான் குனிந்து, அவர் ஷூவுக்கு முன்னால், பலகையில், அந்த உப்பை வைத்தேன். வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டேன். அவர் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் எடுக்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. மேல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாட்டுக்கார அம்மா சட்டென்று கையை அசைத்துக் கடைசிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். செயலாளர் கையை மடக்கிக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஒன்றுமில்லாத அந்தக் கையைத் துடைத்தார். நான் இறங்கி வந்து உட்காராமல் வெளியே போய்விட்டேன்.

கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகுதான் மச்சான் வந்தான்.

"ஏன் மாமா? ஏன்? அவ்ளோ பெரிய மனுஷன் கையை நீட்னுக்கினு நிக்கிறாரு, நீ அவரு கால்கிட்ட கொட்டிட்டு வர்ற?"

"கொட்டலப்பா. வச்சேன். கையில குடுத்தா சண்டை வரும்னு…"

"இப்ப மட்டும் வரலியா? அவரு இறங்கும்போது இன்னா கேட்டாரு தெரியுமா? யாருப்பா அந்த ஆளு, குடிச்சிருக்கானான்னு கேட்டாரு. நான் இன்னா சொல்றது? எங்கக்கா வூட்டுக்காருன்னு சொல்றதா?"

"இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவன் அறைக்குப் போனோம். அவன் மனைவி தோசை சுட்டு வைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு இரண்டு தட்டை எடுத்து வைத்தாள்.

காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது நானும் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்" என்றான்.

"செக்ரட்டரியப் பாத்து நானே சொல்லிட்டுப் போறேன்."

அவன் என்னைப் பார்த்தான். "நீயா? பொண்ணு பாக்க வந்தப்ப பேரு இன்னான்னு எங்கப்பா கேட்டதுக்கு உங்கண்ணன் மூஞ்சிய பாத்த ஆளு நீ. நீ போய் அவருகிட்ட பேசப் போறியா?"

"பேசறேன்."

"வேணாம் மாமா. இன்னும் எதனா ஆயிடப் போவுது."

ஆனாலும் நான் அவன் பின்னாலேயே நடந்தேன். அவன் திட்டிக்கொண்டே எனக்கும் சேர்த்து டீ வாங்கினான்.

செயலாளர் பத்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். அதுவரை கீழே படங்கள் இருக்கிற அறையில் இருக்கச் சொன்னான் மச்சான். வேறு யாரும் இல்லை. சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். பக்கத்தில் பலகைகளில் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பலகைக்குக் கால் மணி நேரம் ஆனது. முந்தின நாள் தூங்கித் தவறவிட்டதை அங்கே நின்றுகொண்டு படித்தேன். ரூபாய் நோட்டில் இருக்கிற அதே முகம், கையில் கம்போடு, பின்னால் பெரிய கூட்டம். இன்னொரு படத்தில் ஒருவர் குனிந்து உப்பை அள்ளுகிறார். வேதாரண்யம் போனவர்களும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்த பிடி உப்பை விடாமல் இருக்க, போலீஸ் கையைப் பிரிக்கப் பார்த்ததாம்.

அந்தப் படங்களை மூக்கு ஒட்டும்படி பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்த உப்பளங்களில் அன்றைக்கும் என்னைப் போலக் கூலிக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்திருப்பார்கள். கூட்டம் வந்தபோது அவர்கள் எங்கே நின்றார்கள், வேலையை நிறுத்தினார்களா, அன்றைக்கு யாராவது கூலி கொடுத்தார்களா என்று பார்த்தேன். படத்தில் அவர்கள் இல்லை. பலகையிலும் எழுதியிருக்கவில்லை. ஓரத்தில் ஒருவன் தலைத்துண்டோடு இருந்தான், ஆனால் முகம் தெளிவாக இல்லை. நின்று நின்று கால் கடுத்ததால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் வந்தபோது நான் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். மூன்று படி ஏறிவிட்டார். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, "ஐயா" என்றேன்.

அவர் திரும்பினார். "யாரு?"

"நேத்து உப்பு கொண்டாந்தேனுங்க."

தலைத்துண்டு இல்லாததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, நீங்களா?" என்றார்.

நான் நடந்து வரும்போதே பேசிப் பழகி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நான் குடிக்கலைங்க. எங்க ஊர்ல உப்பைக் கையில குடுக்க மாட்டோம். குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்க. அதான் கீழ வச்சேனுங்க. அவமானப்படுத்தணும்னு இல்லைங்க."

அவர் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க வீட்டுலயும் எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு மறந்தே போச்சு" என்றார். பிறகு, "சரி, உங்களுக்கும் எனக்கும் என்ன சண்டை வரப்போகுது? நீங்க மரக்காணம், நான் இங்க" என்றார்.

"எனக்கு இல்லைங்க. கேட்ல நிக்கிற வாட்ச்மேன் என் மச்சானுங்க. அவனுக்கு உங்களாலதான் வேலைன்னு சொன்னாங்க. அந்த வேலை போயிட்டா அவனால உப்பளத்துக்கு வர முடியாதுங்க. கால்ல புண்ணு. அவன் வேலைக்கு என்னால எதுவும் வந்துடக் கூடாதுன்னுதான்…"

அவ்வளவு நீளமாக நான் ஒரு புது ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"வாட்ச்மேன் விஷயமா? அதெல்லாம் ஏஜென்சி பாத்துக்குறாங்க. யாரை வைக்கிறாங்க, யாரை எடுக்குறாங்கன்னு எனக்கே தெரியாதே. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"அவர் பேர் என்ன?"

சொன்னேன். அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "சரி, பாக்கலாம்" என்றார். இரண்டு படி ஏறி மறுபடி திரும்பி, "அந்த உப்பை எடுத்துடுறீங்களா? மரம் வீணாயிடும். இங்க இருக்குறவங்க அள்ளுனா பாதியை விட்டுடுவாங்க" என்றார்.

மேடைக்குப் போனேன். விளக்கு ஒன்றுதான் எரிந்தது. துணிக்கு வெளியே நிறையச் சிதறியிருந்தது. பாடினவர்களின் கால்பட்டு நொறுங்கி, பலகை இடுக்குகளில் இறங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் காற்றின் ஈரத்தை இழுத்து, சில இடத்தில் பலகையில் கறுப்பாகத் தண்ணீர்த் தடம் விழுந்திருந்தது. உப்பு அப்படித்தான். காய்ந்தது என்று நாம் சொல்வதோடு சரி. துணியோடு சேர்த்து மூட்டை கட்டிவிட்டு, இடுக்கில் இருந்ததை ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்தேன். பிறகு ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்த துணியால் துடைத்தேன். வீட்டில் நான் தரை துடைத்ததே கிடையாது. என் மனைவி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

பாதி வேலையில் மச்சான் வந்தான். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையில் ஏறாமல் கீழேயே நின்றான். உப்பு காலில் படக்கூடாது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா சொன்னாரு?"

வாட்ச்மேன் விஷயம் எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை நான் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வேலை நிலைக்கும் என்று நம்பி அவன் அவருக்குக் கதவு திறந்து, குடை பிடித்து, சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

"கோவம் இல்லைன்னு சொன்னாரு. அவங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்களாம். ஏஜென்சிதான் எல்லாம் பாத்துக்குதாம், அவருக்கு அதுல ஒண்ணும் இல்லையாம்."

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பறம்?"

"உன் பேரு இன்னான்னு கேட்டாரு. சொன்னேன்."

"பேரு கேட்டாரா?"

"ஆமா."

"ஏழு வருஷமா தெனம் காலைல இந்தக் கதவத் தொறந்து உடறேன் மாமா." நாற்காலியில் இருந்த தொப்பியை எடுத்துத் தட்டினான். பிறகு, "அந்தப் பக்கம் ஓரத்துல இன்னும் இருக்குது பாரு. அங்க அங்க" என்று விரலால் காட்டினான். அவன் காட்டிய இடங்களில் எல்லாம் நான் துடைத்தேன். மேடைக்கு முன்னால் எல்லா நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவன் மெதுவாகப் பேசினாலும் குரல் மேல் வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கிளம்பும்போது, "நேத்து தெரியாதுன்னு சொல்லிட்டேன் மாமா. மனசுல வச்சிக்காத" என்றான்.

"நான் உன் இடத்துல இருந்தா ஓடியே போயிருப்பேன்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூட்டை உப்பை எதிரில் இருந்த மீன் கடையில் கொடுத்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் மறுபடி பாத்தி.

மாதம் முடிந்தது. ஒன்றாம் தேதி போன் வரவில்லை. இரண்டாம் தேதியும் வரவில்லை. நாங்களாகக் கூப்பிட என் மனைவி விடவில்லை. "கெட்ட சேதியா இருந்தா அவனாவே சொல்லட்டும்" என்றாள். ஆனால் சோறு வடிக்கும்போதும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நான் அந்த மூன்று நாளும், அவன் வந்தால் உப்பளத்தில் கால் நனையாத வேலை என்ன இருக்கிறது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். லாரிக்கு மூட்டை தைக்கிற வேலை ஒன்றுதான் இருந்தது. அதிலும் ஆள் நிறைய.

நாலாம் தேதி காலை பாத்தியில் நிற்கும்போது போன் அடித்தது. கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"இருக்கேன் மாமா" என்றான். "நாலு பேரையும் வச்சிக்கினாங்க."

"செக்ரட்டரி சொன்னாரா?"

"யாருக்குத் தெரியும்? யாரும் யாரையும் எடுக்கறதாவே இல்லையாம். எவனோ கெளப்பி உட்டது. சட்டைதான் மாறிடுச்சு. நீலம் போயி காக்கி குடுத்துருக்கானுங்க, கக்கத்துல புடிக்குது. அப்பறம் மாமா, அவரு இன்னிக்கு காலைல உள்ள போறப்ப என் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. தப்பாத்தான் சொன்னாரு, ஆனா கூப்புட்டாரு."

"இன்னான்னு?"

"கொடைய எடுத்துக்கினு வாடான்னு."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அடுத்த மாதம் இன்னொரு கச்சேரி இருக்கிறது, இந்த முறை உப்பு வேண்டாம், சும்மா வந்து கேளு என்றான். மழை வரட்டும், பார்க்கலாம் என்றேன். அக்காவிடம் சொல்லிவிடு என்று வைத்துவிட்டான்.

என் மனைவிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. குழாயடிக்குப் போயிருப்பாள். பாத்தியில் பாதி உப்பு இன்னும் வாராமல் கிடந்தது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. போனை மடித்த துணியில் சுற்றி வரப்பில் வைத்துவிட்டு மறுபடி பலகையை எடுத்தேன்.